சாம்பார் பட்ட பேப்பர்

எங்கள் குடியிருப்பு சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வீடுகள். காலை ஏழேகால் மணிக்குக் குப்பை எடுக்கும் பேட்டரி வண்டி பாட்டுப் போட்டபடி தெருமுனையில் திரும்பும். பாட்டுச் சத்தம் கேட்டதும் மாடிப்படிகளில் தடதடவென்று ஆட்கள் இறங்குவார்கள். கையில் சொட்டச் சொட்டக் கவர்கள். போன கோடை விடுமுறைக்கு என் தங்கை மகன் மூன்று வாரம் எங்கள் வீட்டில் வந்து இருந்தான். இரண்டாம் வகுப்பு முடித்தவன். முதல் நாள் காலையிலேயே பால்கனியில் நின்று உள்ளே பார்த்துக் கத்தினான்: "பெரியம்மா, குப்பைக்காரங்க வந்துட்டாங்க!"

கொஞ்ச நேரம் கழித்து அவனே யோசித்துக்கொண்டு வந்தான். "பால்காரர் பால் கொண்டு வர்றாரு. பேப்பர்காரர் பேப்பர் கொண்டு வர்றாரு. இவங்க குப்பை கொண்டு வரலையே? எடுத்துக்கிட்டுத்தானே போறாங்க?"

ஏழு வயதுப் பிள்ளைக்குப் பட்டது எனக்கு இத்தனை வருடம் படவில்லை. அவர்களைத் தூய்மைப் பணியாளர் என்று சொல்ல வேண்டும், நேரில் பார்த்தால் அக்கா என்று கூப்பிடு என்று சொல்லி வைத்தேன். உடனே அடுத்த கேள்வி வந்தது. "எடுத்துக்கிட்டு எங்க போறாங்க?"

அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. "குப்பையைக் குப்பைத்தொட்டியில் போடு" என்று நாம் எல்லாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். தொட்டியோடு கதையை நிறுத்திவிடுகிறோம். உண்மையில் கதை அங்கேதான் தொடங்குகிறது. சரி, முழுக்கச் சொல்லிவிடலாம் என்று அந்தச் சனிக்கிழமை மாலை வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பாயை விரித்தேன். குடியிருப்பில் இருந்த ஏழு பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். நான் ஆசிரியை இல்லை, கணக்கு எழுதுகிற வேலை பார்க்கிறவள். அதனால் பாடம் எதுவும் தயாரிக்கவில்லை. இரண்டு செய்தித்தாள்களும் கொஞ்சம் மிச்சச் சாம்பாரும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரு தாளைச் சுத்தமாக வைத்தேன். இன்னொன்றின் மேல் சாம்பாரை ஊற்றிக் கசக்கினேன். "பழைய பேப்பர்காரர் வந்தால் இதில் எதை வாங்கிக்கொள்வார்?"

எல்லா விரல்களும் சுத்தமான தாளைக் காட்டின. ஏன், இரண்டும் பேப்பர்தானே என்று கேட்டேன். "அதை எடை போட்டா சாம்பாரையும் சேர்த்து எடை போடணும் ஆன்ட்டி" என்றாள் மூன்றாம் மாடிப் பெண். "நாளைக்கு நாறும்" என்றான் இன்னொருவன். இரண்டு பேரும் சொன்னது சரி. காகித ஆலையில் பழைய தாளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கித்தான் புதிய தாள் செய்கிறார்கள். எண்ணெயும் மசாலாவும் ஏறிய தாள் அந்தக் கூழையே கெடுத்துவிடும்.

அடுத்து மறுபக்கம் கேட்டேன். அந்தச் சாம்பாரில் கிடந்த முருங்கைச் சக்கையும் கத்திரிக்காய்க் காம்பும் மண்ணில் போட்டால் என்ன ஆகும்? மக்கி எருவாகும். அதோடு ஒரு மாத்திரை அட்டையும் சவர பிளேடும் பால் கவரும் சேர்ந்துகொண்டால்? யாரும் பதில் சொல்லவில்லை. ஒருவன் மட்டும் மெதுவாக, "ரெண்டுமே வீணாப்போச்சு" என்றான்.

அன்று நான் அவர்களுக்குச் சொல்ல நினைத்தது முழுவதும் இவ்வளவுதான். தோல், தாள், கண்ணாடி, இரும்பு என்று தனித்தனியாக இருக்கும்வரை ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க ஆள் இருக்கிறது. ஒரே கவருக்குள் போட்டு முடிச்சுப் போட்ட பிறகுதான் அதற்குக் குப்பை என்று பெயர் வருகிறது. பிரிக்க ஒரே இடம் நம் வீட்டு அடுப்படி. அங்கே பிரிப்பதற்கு ஒரு நொடி ஆகும். அங்கே விட்டுவிட்டால் இன்னொருவர் வெறும் கையால் கிளற வேண்டும், அப்போதும் முழுசாகப் பிரிக்க முடியாது.

குப்பை என்ற சொல்லையே நாம் கெடுத்து வைத்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. என் சொந்த ஊர் செய்யாறு பக்கம். அங்கே என் தாத்தா வாயில் குப்பை என்றால் எருதான். "இந்த வருசம் எத்தனை வண்டி குப்பை அடிச்ச?" என்று பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்பார். சாணம், அடுப்புச் சாம்பல், உதிர்ந்த இலை, காய்கறித் தோல் எல்லாம் புழக்கடையில் ஒரு மேடாகச் சேரும். மழைக்கு முன்னால் மாட்டு வண்டியில் ஏற்றி வயலில் கொட்டுவார்கள். மக்காத பொருள் என்று வீட்டில் இருந்ததே கொஞ்சம். ஓட்டைக் குடம், உடைந்த கரண்டி, தகர டப்பா. அதற்கும் ஆள் வருவார். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு. பேரீச்சம்பழம் பற்றிச் சொன்னபோது பிள்ளைகள் நம்பவே இல்லை. ஒரு சிறுமி மட்டும், எத்தனை பழம் கொடுப்பாங்க என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு விளையாட்டு. பச்சை வாளி, நீல வாளி, ஒரு சிவப்பு டப்பா. அப்போது நடப்பில் இருந்த 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி நாடு முழுவதும் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது: மக்கும் குப்பை, மக்காத உலர் குப்பை, வீட்டில் சேரும் அபாயக் குப்பை. பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை என்று சட்டமே சொல்கிறது. ஒரு வாரக் குப்பையிலிருந்து பொறுக்கி வைத்த சுத்தமான பொருள்களைப் பாயில் பரப்பினேன். வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, பழைய பூச்சரம் எல்லாம் சடசடவென்று பச்சைக்குப் போயின. அட்டைப்பெட்டி, பேனா மூடி, பழைய செருப்பு நீலத்துக்கு. தீர்ந்த பேட்டரி, காலாவதியான மருந்து, பியூஸ் போன பல்பு சிவப்புக்கு. சண்டை வந்தது மூன்று பொருள்களில்.

முதலில் கொட்டாங்குச்சி. மரத்தில் விளைந்தது, மக்கும் என்று ஒரு கட்சி. கல் மாதிரி இருக்கிறது, மக்காது என்று ஒரு கட்சி. மக்கும், ஆனால் வருடக்கணக்காகும். கீரைத் தண்டு ஒன்றரை மாதத்தில் எருவாகிவிடும்போது இது அப்படியே கிடக்கும். அதனால் தனியாக வைத்துக் கொடுப்பது நல்லது. இரண்டாவது, பூ கட்டிய நூல். பூ மக்கும், நைலான் நூல் மக்காது. வாழைநாரில் கட்டியிருந்தால் பிரச்சினையே இல்லை. மூன்றாவது சிப்ஸ் பாக்கெட். உள்ளே பளபளவென்று இருப்பது உலோகப் பூச்சு, வெளியே பிளாஸ்டிக். இரண்டும் ஒட்டியிருப்பதால் காயலான் கடையில் அதை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். நீல வாளியில்தான் போட வேண்டும், ஆனால் போட்டாலும் பெரும்பாலும் எரிக்கத்தான் போகும். இதைச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். பிள்ளைகளிடம் பாதி உண்மை சொல்லக்கூடாது என்பதால் சொல்லிவிட்டேன்.

டயப்பரையும் நாப்கினையும் பற்றி ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். கூச்சப்படாமல் சொன்னேன். காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துத் தனியாகக் கொடுக்க வேண்டும். புள்ளி இருந்தால் அதை யாரும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நான் செய்த தவறு ஒன்றையும் அவர்களிடம் சொன்னேன். மூன்று வருடம் முன்பு எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. அலுவலகம் கிளம்பும் அவசரம். துண்டுகளை முறத்தில் அள்ளி, காய்கறித் தோல் இருந்த கவருக்குள்ளேயே கொட்டி முடிச்சுப் போட்டு வாசலில் வைத்தேன். குளித்துவிட்டுக் கீழே இறங்கினால் வண்டி இன்னும் போகவில்லை. எங்கள் தெருவுக்கு வருகிற அக்கா குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். தண்ணீர் சிவப்பாக ஓடுகிறது. கையுறையைக் கிழித்துக்கொண்டு கண்ணாடி உள்ளங்கையில் இறங்கியிருந்தது. பக்கத்தில் பிரிந்து கிடந்தது நான் முடிச்சுப் போட்ட கவர். அது துணிக்கடைக் கவர், பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான்தான் என்று சொன்னேன். "பரவாயில்லம்மா, சகஜம்தான்" என்றார். மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், நான்கு தையல். அந்த "சகஜம்தான்" இன்றும் எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது. ஒருவர் கையைக் கிழித்துக்கொள்வது அவர் வாயிலேயே சகஜம் என்று வரும் அளவுக்கு நாம் கவர்களுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

இப்போது எங்கள் குடியிருப்பில் கண்ணாடி உடைந்தால் பேப்பரில் தடிமனாகச் சுற்றி, ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே "கண்ணாடி" என்று கொட்டை எழுத்தில் எழுதுகிறோம். எழுதும் வேலை பிள்ளைகளுடையது. உடையவில்லையா, உடையவில்லையா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை, எங்க போறாங்க என்ற கேள்விக்கு வந்தோம். பெருநகர சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். ஒரு நாளில் சேரும் குப்பை 5,000 டன்னுக்கு மேல். டன் என்றால் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது. யானை என்றால் புரியும். வளர்ந்த ஆண் யானை ஏறத்தாழ 5 டன் என்று வைத்துக்கொண்டால், தினமும் ஆயிரம் யானை எடை. ஒரு யானைக்கு ஆறு மீட்டர் நீளம் என்று வரிசையாக நிறுத்தினோம். எங்கள் தெருவில் தொடங்கிய வரிசை வேளச்சேரியைத் தாண்டிவிட்டது. நாளைக்கு மறுபடி ஆயிரம். தீபாவளிக்கும் ஆயுத பூஜைக்கும் இன்னும் கூடும். தீபாவளிக்கு மறுநாள் பட்டாசுக் குப்பையை மட்டும் தனியாகச் சேர்த்துக் கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவு கையாளும் இடத்துக்கு அனுப்புகிறார்கள், ஏனென்றால் அதில் ரசாயனம் இருக்கிறது.

பேட்டரி வண்டியில் சேர்ந்த குப்பை பெரிய வண்டிக்கு மாறும். காம்பாக்டர் என்ற லாரி அதை அழுத்தி அழுத்தி இடத்தைக் குறைக்கும். பிரித்துக் கொடுத்த மக்கும் குப்பை உரக்கூடத்துக்குப் போகும். அங்கே அதைத் துண்டு துண்டாக்கித் தொட்டிகளில் நிரப்புகிறார்கள். இட்லி மாவு ராத்திரியில் எப்படிப் பொங்குகிறதோ அப்படிக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உள்ளே வேலை செய்யும். சூடு ஏறும். நல்ல உரக்குவியலுக்குள் கையை விட முடியாது, 55, 60 டிகிரி செல்சியஸ் வரை போகும். காற்று வேண்டும் என்பதால் கிளறிவிடுவார்கள். சேத்துப்பட்டில் மாநகராட்சிக்கு ஒரு எரிவாயு ஆலை இருக்கிறது. அங்கே வேறு முறை: காற்றே போகாமல் மூடி வைத்து, உணவுக் கழிவிலிருந்து வாயு எடுக்கிறார்கள். உலர்ந்த குப்பை தரம் பிரிக்கும் கூடத்துக்குப் போய், அட்டை அட்டையாக, பாட்டில் பாட்டிலாகக் கட்டுக் கட்டப்பட்டு விற்பனைக்குப் போகும்.

பிரிக்காத குப்பை? அதற்கு மலைதான்.

எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அந்த மலையைப் பார்த்திருக்கிறார்கள், மலை என்று தெரியாமலே. துரைப்பாக்கம் பல்லாவரம் ரேடியல் சாலையில் போகும்போது கார்க் கண்ணாடியை ஏற்று என்று அம்மா சொல்வாரே, அந்த இடம். பெருங்குடிக் கிடங்கு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேலேயே 200 ஏக்கருக்கும் கூடுதலான இடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தென்சென்னையின் குப்பையைக் கொட்டினார்கள். வடக்கே கொடுங்கையூரில் அதைவிடப் பெரியது, 300 ஏக்கருக்கு மேல். சாலைக்கு இந்தப் பக்கம் அதே சதுப்பில் குளிர்காலத்தில் பூநாரைகள் நிற்கும். கூழைக்கடாக்கள் வரும். 2022-இல் பள்ளிக்கரணை உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மழைநீரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய நிலத்தில் குப்பையை நிரப்பியதற்கான விலையை ஒவ்வொரு மழைக்காலமும் எங்கள் பகுதி கொடுக்கிறது.

அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்தது. பல நாள் புகை. எங்கள் வீட்டில் ஜன்னல்களை அடைத்துத் துணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காயப்போட்ட துணியெல்லாம் கரி வாசனை. குப்பை எப்படி எரியும், யார் பற்ற வைத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"மோர் பாட்டில்ல கொஞ்சம் மிச்சம் வெச்சு, மூடிட்டு, ரெண்டு நாள் ஸ்கூல் பையிலயே மறந்துட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"திறந்தா புஸ்ஸுன்னு வரும்!" என்றான் தங்கை மகன். அனுபவம்.

மலைக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். நம் சோறும் காய்கறியும் கவருக்குள் கட்டப்பட்டு, அதன் மேல் ஆயிரம் கவர் அமுக்கி, காற்றே போகாமல் உள்ளே அழுகும். அதிலிருந்து மீத்தேன் வரும். அடுப்பில் எரிகிற மாதிரி எரியக்கூடிய வாயு. உள்ளே சூடும் இருக்கிறது. சித்திரை வெயிலில் ஒரு பொறி போதும், பக்கத்தில் பற்ற வைக்கத் துணியும் பிளாஸ்டிக்கும் தயாராகக் கிடக்கின்றன. சேத்துப்பட்டில் குழாயில் பிடித்தால் எரிபொருள், பெருங்குடியில் அதுவே தீ. கீழே கறுப்பாக ஒரு தண்ணீர் வடியும், அது மண்ணுக்குள் இறங்கும்.

அந்த மலையை இப்போது கரைக்கிறார்கள். பயோமைனிங் என்று பெயர். பழைய குப்பையைத் தோண்டி வரிசை வரிசையாகப் பரப்பி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்துக் காயவைத்து, சுழலும் பெரிய சல்லடைகளில் போட்டுச் சலிக்கிறார்கள். வீட்டில் மாவு சலிப்பது போலத்தான். பொடி மண் கீழே விழும். கல், கண்ணாடி, இரும்பு ஒரு பக்கம். கந்தல் துணியும் பிளாஸ்டிக்கும் ஒரு பக்கம். அந்தப் பிளாஸ்டிக்கை இனிமேல் வாளியாகவோ நாற்காலியாகவோ வார்க்க முடியாது, அழுக்கேறி நைந்துபோனது. சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். இதைச் சொல்லி முடித்ததும் மூன்றாம் மாடிப் பெண், "அவ்ளோ பெரிய சல்லடை போட்டுப் பிரிக்கிறதுக்கு நாம வீட்லயே பிரிச்சிருக்கலாம்ல?" என்றாள். பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் ஆகிற செலவைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எரித்தே விடலாமே என்று பெரியவர்கள் சிலர் கேட்பார்கள். ஈரமும் உலர்ந்ததும் கலந்த குப்பை சுலபத்தில் எரியாது. சோறும் தோலும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதைக் காயவைக்கவே பாதிச் சூடு போய்விடும். பிளாஸ்டிக் எரிந்தால் வரும் புகை என்ன செய்யும் என்பதைப் போகிதோறும் பார்க்கிறோம். 2018 போகியன்று காலையில் புகை மூட்டத்தால் சென்னையில் விமானங்கள் இறங்க முடியவில்லை. கொடுங்கையூரில் எரிஉலை வேண்டாம் என்று வடசென்னை மக்கள் 2025-இல் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். ஏற்கெனவே தொழிற்சாலைப் புகையோடு வாழ்கிறவர்கள். நான் அவர்கள் பக்கம்தான். குப்பை மொத்தமும் ஊரின் ஓரத்தில் இருப்பவர்களின் மூக்குக்கு எதிரே போய்ச் சேர வேண்டும் என்று யார் முடிவு செய்தது?

அதே வருடம் ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை முன்னால் இரவும் பகலும் உட்கார்ந்திருந்ததைப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து நடந்த போராட்டம். பதின்மூன்று நாள் நீடித்தது. தங்கை மகன் போனில் கேட்டான்: "பெரியம்மா, நம்ம அக்காவும் அங்க இருக்காங்களா?" எங்கள் மண்டலம் வேறு, அவர் இல்லை என்றேன். ஆனாலும் அவன் தேடிக்கொண்டிருந்தான் என்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொரோனா ஊரடங்கில் நாமெல்லாம் கதவை அடைத்துக்கொண்டு இருந்த மாதங்களிலும் அவர்கள் வந்தார்கள். அவர்கள் சம்பளத்தையும் வேலை நிரந்தரத்தையும் பற்றிச் சொல்லாமல் குப்பை மேலாண்மையைப் பற்றி மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வாளிகளின் நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு, வாளியைத் தூக்குகிறவரை விட்டுவிடுவதாகும் அது.

விடுமுறை முடிவதற்கு முந்தைய சனிக்கிழமையே அக்காவைக் கூப்பிட்டிருந்தேன். கண்ணகி நகரிலிருந்து வருகிறவர். வேலை முடிந்து, கை கால் கழுவிக்கொண்டு, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார். நாற்காலி போட்டேன், அவர் பாயிலேயே பிள்ளைகளோடு உட்கார்ந்தார். காபி குடித்தோம். பிள்ளைகள் அன்றைக்குக் கேட்ட கேள்விகளை நான் யோசித்திருக்கவே மாட்டேன். வண்டிப் பாட்டு உங்களுக்குப் பிடிக்குமா? குப்பையில் பொம்மை கிடைத்தால் எடுத்துக்கொள்வீர்களா? நாய் துரத்துமா? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பாட்டு பிடிக்காதாம், ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்க வேண்டியிருக்கிறதாம். உள்ளங்கைத் தழும்பைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். பால் கவரைக் கத்தரிக்கும்போது ஓரத்தைத் தனித் துண்டாக வெட்டி எடுக்காதீர்கள், அந்தச் சின்னத் துண்டைப் பொறுக்கவே முடியாது, கவரோடு ஒட்டியிருக்கட்டும் என்று சொல்லிக் காட்டினார். எனக்கே தெரியாத விஷயம்.

எழுந்திருக்கும்போது தங்கை மகன் கேட்டான்: "அக்கா, உங்க வீட்டுக் குப்பையை யாரு எடுப்பாங்க?"

அவர் சிரித்தார். "எங்க தெருவுக்கு ஒரு தம்பி வருவாரு கண்ணு. நான் விடியக்காலையிலேயே கிளம்பிடறேன்ல, அவரு வர்றப்ப இருக்க மாட்டேன். அதனால ராத்திரியே பிரிச்சு, தனித்தனியா வாசல்ல வெச்சுட்டுத்தான் படுப்பேன்."